முப்பது மார்க் என் கையில்

ஜனவரி 22, வியாழன்

காலேஜ் டீச்சரம்மா பூங்கோதை இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் என் கடைக்கு வருகிற நாளெல்லாம் என்ன செய்தார்கள், எப்படிப் பேசினார்கள், சொன்ன நேரத்துக்கு வந்தார்களா என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம்.

"நான் அஞ்சாவதோட நின்னவளுங்க. எம் பேச்சு காலேஜுல எடுபடுமா?" என்றேன்.

"உங்க பேச்சுதாங்க வேணும். கம்ப்யூட்டர் வேலைக்கு நாங்க மார்க் போட்டுக்குவோம். மனுசங்ககூட வேலை செய்யத் தெரியுதான்னு, வேலை வாங்கறவங்கதானுங்க சொல்லோணும்."

விஷயம் இதுதான். நம்பியூரில் வீட்டின் முன்பக்கத்தில் நான் பாத்திர வாடகைக் கடை நடத்துகிறேன். அண்டா, குண்டா, இட்லிக் கொப்பரை, நாற்காலி, சாமியானா எல்லாம் உண்டு. கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து இப்படி ஒரு கடைக்குக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து தர வேண்டும். எந்த அண்டா யார் வீட்டில் இருக்கிறது, எப்போது திரும்பும் என்று அதுவே சொல்லும். அதுதான் அவர்களுக்குப் பரீட்சை. நூறு மார்க்கில் முப்பது என் கையில். காது கொடுத்துக் கேட்பது, பேசுவது, கூடி வேலை செய்வது, சொன்ன சொல் காப்பது, தப்பு வந்தால் முன்னால் நிற்பது என்று ஐந்து கட்டம் இருக்கிறது. கட்டத்துக்கு ஆறு மார்க். ஆளாளுக்குத் தனியாகப் போட வேண்டும். பதினைந்துக்குக் கீழே போனால் அந்தப் பிள்ளை பெயில்.

பெயில் என்ற சொல்லை டீச்சரம்மா மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது.

இன்று இரண்டு பேர் வந்தார்கள். தலைவன் மிதுன். இஸ்திரி கலையாத சட்டை, என்னை மேடம் என்கிறான். அறுபத்தொன்பது வயதில் மேடம் ஆகிவிட்டேன். இன்னொன்று சௌபர்ணிகா என்ற பெண். மூன்றாவதாகப் பிரணவ் என்று ஒருவன் இருக்கிறானாம். ஹாஸ்டலில் உட்கார்ந்தே வேலை செய்வானாம்.

பெண்ணிடம் கேட்டேன். "எந்த ஊரு அம்முணி?"

"குளத்துக்காடுங்க ஆத்தா."

"குளத்துக்காட்டுல யாரூடு?"

"பாவாத்தா பேத்திங்க."

காபி போடலாம் என்று எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காபி போடவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பாவாத்தாள் யார் என்று டீச்சரம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் மார்க் மட்டும் பார்த்தால் நியாயம் புரியாது.

தொண்ணூற்று நான்கு, தை மாதம், என் மகள் கல்யாணம். இரண்டாம் பந்தி. கடுகு நிறச் சேலையில் பச்சைக் கரை போட்டுப் பாவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் நாத்தனார். ரசம் ஊற்றினார்கள். இலையைக் குனிந்து பார்த்தாள். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ரசத்துல மொகம் தெரியுது புள்ள!" என்றாள். அந்த வரிசையே சிரித்தது. சம்பந்தி வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். என் மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டு தரம் சிரித்தார்.

அதே பாவாத்தாள் பாயசத்தை மறுபடியும் வாங்கிக் குடித்தாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அன்றிலிருந்து அவள் வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் கோபியிலிருந்து வருகிறது. என்னிடம் வரமாட்டாள். வந்தாலும் கொடுக்கமாட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

பிள்ளைகள் வரவில்லை. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச ஆள் வந்தான். வெயிலுக்கு மோர் கேட்டான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மிதுன் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தான். "மேடம், உங்க வேலை எப்படி ஆரம்பிச்சு எப்படி முடியுதுன்னு வரிசையா சொல்லுங்க" என்றான். சொன்னேன். நன்றாகத் தலையாட்டினான். தலையாட்டுகிற அளவுக்கு எழுதவில்லை.

அந்தப் பெண் நான் சொன்னது எல்லாவற்றையும் எழுதினாள். நடுவில், "வாடகைக்குப் போன பாத்திரத்துல நெளிவு விழுந்து வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நான் மிதுனைப் பார்த்துப் பதில் சொன்னேன். அடுத்து, "அட்வான்ஸ் குடுத்தவங்க தேதிய மாத்துனா?" என்றாள். அதற்கும் மிதுனைப் பார்த்தேன். அவன் கேட்காத கேள்விக்குப் பதில் வாங்கி அவனுக்கே குழம்பிப் போயிற்று.

கடைசியில் அந்தப் பெண், "ஆத்தா, எம் மேல ஏதாச்சும் கோவமுங்களா?" என்றாள்.

"கோவமா? எனக்கெதுக்கு அம்முணி கோவம்?" என்றேன். இது பொய்யில்லை. கோபம் என்பது வந்து போவது.

பிப்ரவரி 11, புதன்

காலையில் காதுகுத்து வீட்டிலிருந்து பாத்திரம் திரும்பியது. ஒரு கரண்டி குறைவு, அவர்கள் கரண்டி ஒன்று அதிகம். அவர்கள் கரண்டிதான் கனம். பேசாமல் வைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பாத்திரம் திரும்பி வந்ததும் வாடிக்கைக்காரர் போனுக்குத் தானாகவே ஒரு செய்தி போகுமாம். மிதுன் படித்துக் காட்டினான்: "தங்கள் இல்ல விசேஷம் சிறப்பாக நடந்தேறியதற்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். தங்களுக்கு மீண்டும் மீண்டும் சேவை செய்யும் வாய்ப்பைத் தாருங்கள். பழனாத்தாள் பாத்திர வாடகை, நம்பியூர்."

என் பெயரைப் போனில் பார்த்ததும் நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

மிதுன் வெளியே போன் பேசப் போன சமயம் அந்தப் பெண் ஏதோ கேட்டாள். டெம்போக்காரன் மாரப்பன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் காதில் விழவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பிள்ளைகளின் கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்துவிட்டது, நான் அதைப் பெட்டி என்கிறேன். என் போனிலேயே எல்லாம் தெரிகிறது. எழுத்தைத் தேட வேண்டாம். அண்டா வேண்டுமென்றால் அண்டா படத்தைத் தொட வேண்டும், கொப்பரை என்றால் கொப்பரை. என் கடைப் பாத்திரங்களையே படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மூக்கு உடைந்த காபித் தூக்குகூட அப்படியே மூக்கு உடைந்து இருக்கிறது. அவர்கள் போன பிறகு சும்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

இந்தப் படவேலை எல்லாம் கண்ணில் படாத அந்தப் பிரணவ் செய்ததாம். மிதுன் தான் செய்ததாகச் சொல்ல வாய் எடுத்தான். அந்தப் பெண்தான், "பிரணவ் பண்ணதுங்க ஆத்தா" என்றாள்.

போகும்போது மிதுன் ஒரு சேதி சொன்னான். "சௌபர்ணிகாவுக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சாச்சு மேடம். எங்க வகுப்புல மொத ஆர்டர் அவளுக்குத்தான். ஜூன்ல சேரணும். ஆனா ஒரு பாடத்துல பெயில் ஆனாலும் ஆர்டர் கேன்சல்."

"இந்தப் பரீட்சையும் அதுல சேத்தியா?" என்று கேட்டேன்.

"இதுதான் மேடம் பெரிசே."

அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாத்தாளுக்கும் இதே நெற்றிதான். மேடு.

மார்ச் 5, வியாழன்

கல்யாண வீட்டுக்கு முதல் செய்தி போனது. பெண்ணின் அப்பா போன் போட்டு, "ஏனுங்க, பெரிய கம்பெனியாட்டம் பண்ணிப்போட்டீங்க!" என்றார். சாயங்காலம் மூன்று பேரிடம் அதைப் பற்றிப் பேசினேன். நானாகப் பேசவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போயிற்று.

மார்ச் 12, வியாழன்

மானம் போயிற்று.

மேட்டுக்கடை ரங்கசாமியின் அப்பா போன மாதம் காலமானார். தொண்ணூறைத் தாண்டிய ஆள், குறையில்லாத சாவு. நேற்றுக் காரியம் முடிந்து இன்று காலையில் பாத்திரம் திரும்பியது. நானே படத்தைத் தொட்டு வரவு வைத்தேன். பெட்டியில் கல்யாணம், சீர், காதுகுத்து, வளைகாப்பு, கிடாவெட்டு எல்லாம் இருந்தது. எழவு இல்லை. கடைசியில் இருந்த 'மற்றவை' என்பதைத் தொட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழவு வீட்டுப் பாத்திரம் வந்தால் பேசாமல் இறக்கிக்கொள்வோம். எதற்கு என்று கேட்கமாட்டோம், மறுபடி வாருங்கள் என்று சொல்லமாட்டோம். முப்பது வருடத்தில் ஒரு தரம்கூட அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

பெட்டிக்கு என்ன தெரியும்? அது சொல்லிவிட்டது.

அரை மணிநேரத்தில் ரங்கசாமி மொட்டைத் தலையோடு வண்டியில் வந்து இறங்கினான். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"ஏனுங்க்கா, எங்கப்பன் செத்தது சிறப்பா நடந்துதுங்களா? மனமார்ந்த வாழ்த்துங்களா?"

"ரங்கசாமி, இது..."

"அதக்கூட உடுங்க. மறுக்கா மறுக்கா வாய்ப்புக் குடுக்கோணுமாமா! எங்கம்மா கட்டல்ல கெடக்குது. அடுத்த வாய்ப்பு அதுதானுங்களா? தேதி சொல்லுங்க, சொல்லி வெக்கறேன்!"

தெருவில் பால்காரன் நின்றுவிட்டான். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் சிரிக்கிற மாதிரியும் இருந்தது. அவளை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

மிதுனுக்குப் போன் போட்டேன். "டோன்ட் வொரி மேடம், உடனே மன்னிப்பு அனுப்பிடறேன்" என்றான்.

மார்ச் 13, வெள்ளி

மன்னிப்பு போனது. பெட்டி வழியாகவே அனுப்பியிருக்கிறான். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதோடு நின்றதா? அடிவாலில், "தங்களுக்கு மீண்டும் மீண்டும் சேவை செய்யும் வாய்ப்பைத் தாருங்கள்."

ரங்கசாமி இந்த முறை வரவில்லை. அவன் பெண்டாட்டி போன் போட்டாள். அவள் பேசியதை எழுதினால் டீச்சரம்மா நோட்டை வாங்கமாட்டார்.

மார்ச் 14, சனி

காலை ஏழு மணிக்கு அந்தப் பெண் வந்து நின்றாள். தனியாக. பஸ்ஸில் வந்தாளாம்.

"மிதுன் எங்கே?"

"வரலைங்க. போன்ல பேசுனாப் போதும்னு சொல்றான். பத்தாதுங்க ஆத்தா. என்னைய அவங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"போயி என்ன சொல்லுவே?"

"தெரியலைங்க. நேர்ல போய் நிக்கறேன். மெசேஜ் அனுப்பற பகுதி நான் பண்ணது."

வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. இட்லி வைத்தேன். கடைக்கு வந்த யாருக்கும் வைப்பதுதான், இதில் ஒன்றும் இல்லை. சாப்பிடும்போது ஒன்று மட்டும் சொன்னேன். "எழவூட்டுல உள்ள போறப்ப ஆரும் வான்னு கூப்படமாட்டாங்க. எந்திரிச்சு வாரப்ப போயிட்டு வாறமுன்னு சொல்லப்படாது. பேசாம எந்திரிச்சு வந்தரோணும்." தலையாட்டினாள்.

போனால், அங்கே பாவாத்தாள் உட்கார்ந்திருக்கிறாள்! ரங்கசாமிக்கு ஏதோ தூரத்து ஒறம்பரையாம். பாயின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். எழவு வீட்டில் சண்டை போட முடியாது. அவளுக்கும் அது தெரியும். முடி எல்லாம் கொட்டிவிட்டது. குரல் மட்டும் கொட்டவில்லை.

பேத்தி ரங்கசாமி முன்னால் போய் நின்றாள். "அண்ணா, அந்த மெசேஜ் அனுப்பற புரோகிராம் நான் எழுதுனதுங்க. ரெண்டாவது போனதும் அது வழியாத்தான். அவங்க மேல தப்பில்லைங்க."

"படிச்ச புள்ளதானே? எழவூட்டுக்கு வாழ்த்துச் சொல்றதாம்மா படிப்பு?"

"இல்லீங்கண்ணா."

"எங்கம்மா அதைக் கேட்டுப்போட்டுச் சிரிச்சுது தெரியுமா? சிரிச்சு இருமி, நாங்க பயந்து போயிட்டோம்!"

உள்ளே கட்டிலில் இருந்து கிழவியின் குரல் வந்தது. "அந்தப் புள்ளைய உடுறா ரங்கா. அடுத்த வாய்ப்பு என்னுதுதான், குடுக்கறேன்னு எழுதிப் போடு!" அந்தக் குடும்பமே உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தது.

ரங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி, போ" என்றான். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தாள்.

செருப்புப் போடுகிற இடத்தில் பாவாத்தாள் என் பக்கத்தில் வந்தாள். என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் பேசினாள். "எம் பேத்திய நீதான் பெயிலாக்கப் போறியாமா? போடு, போடு. நீ போடற மார்க்குலயும் மொகம் தெரியும்."

முப்பது வருடம் கழித்து அதே வாய்! செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். எழவு வீட்டு வாசல்.

திரும்பி வரும்போது அந்தப் பெண் எனக்கு முன்னால் நடந்தாள். அங்கே ரங்கசாமியிடம் அவள் வேறு ஒன்று சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக் கொடுக்க ஒரு வார்த்தை போதும். சொல்வாள் என்று நானும் காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், டெம்போ சத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டு. சொல்லவே இல்லை. எனக்கு அது ரொம்ப எரிச்சலாக இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

பெட்டியில் இப்போது 'காரியம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தொட்டால் யாருக்கும் எதுவும் போகாது. அந்தப் பெண் என் முன்னால் பத்துத் தரம் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 26, வியாழன்

பங்குனி முகூர்த்தம் வருகிறது. சாமியானாவில் எலி புகுந்து ஓட்டை போட்டிருக்கிறது. தைத்தேன். பிள்ளைகள் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

டீச்சரம்மா நோட்டை வாங்கிக்கொண்டு போக வந்தார். நாளைக்குக் காலேஜில் வாய்ப் பரீட்சை. நானும் வர வேண்டுமாம். வெளியூர் வாத்தியார் ஒருவர் வந்து கேள்வி கேட்பாராம். எழவு வீட்டுச் சேதி அவர் காதுக்கும் போய்விட்டது, அதனால் கடுமையாக இருப்பார் என்றார்.

நோட்டைக் கொடுக்கும் முன்னால் பிப்ரவரி பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு யோசனை. கிழித்தால் தெரியும். கொடுத்துவிட்டேன். இதைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். ஏசி போட்ட அறை. மூன்று பிள்ளைகளும் கழுத்தில் டை கட்டி நின்றார்கள். அதில் ஒருவனை எனக்குத் தெரியவில்லை.

"நீ ஆரு சாமி?" என்று கேட்டேன்.

"பிரணவுங்க பாட்டி."

"நீதானா அது! காபித் தூக்கு நல்லா இருந்துது." அவன் சிவந்து போனான்.

வெளியூர் வாத்தியார் ஒல்லியான மனிதர். நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். துக்க வீட்டுக்கு வாழ்த்துப் போனது எப்படி என்று தலைவனைக் கேட்டார்.

"சார், அந்தத் தேவையை கிளையண்ட் எங்களுக்குச் சொல்லவே இல்ல" என்றான் மிதுன்.

கிளையண்ட் என்றால் நான். தலையாட்டியவன், மேடம் மேடம் என்றவன், முதல் கேள்வியிலேயே என்னைத் தூக்கிப் போட்டுவிட்டான். பார்த்துக்கொள்கிறேன்.

வாத்தியார் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "மெசேஜ் பகுதி உங்களுதா?"

"ஆமா சார்."

"துக்க வீட்டுக்கு என்ன செய்யறதுன்னு கிளையண்ட்கிட்ட கேட்டீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். "கேட்டேன் சார். பதில் வரல. வரலைன்னா அந்தப் பகுதிய நிறுத்தி வெச்சிருக்கணும். நிறுத்தாம விட்டது நான்தான்."

"கேட்டதுக்கு என்ன ஆதாரம்? சந்திப்புக் குறிப்புல எழுதி அவங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்கணுமே?"

"வாங்கல சார்."

"கேட்டேன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம்மா. குறிப்பு இல்லைன்னா கேக்கலைன்னுதான் நான் எடுத்துக்குவேன். கேக்காம இப்படி ஒண்ண வெளிய விட்டா, அது பெயில்."

டீச்சரம்மா என் நோட்டைப் புரட்டினார். "சார், இவங்க நாட்குறிப்புல பிப்ரவரி பதினொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படித்தார். அந்தப் பெண் ஏதோ கேட்டாள், டெம்போ சத்தத்தில் காதில் விழவில்லை என்று நான் எழுதியிருந்தது.

அந்தப் பெண் கீழே பார்க்கவில்லை. நேரே என்னைத்தான் பார்த்தாள்.

"டெம்போ அன்னிக்குப் பட்டறைல இருந்துதுங்க" என்றேன்.

"என்னம்மா?"

"சத்தமெல்லாம் இல்லீங்க. அந்தப் புள்ள கேட்டுது. என்ன கேட்டுதுன்னும் சொல்றேன். 'ஆத்தா, எழவூட்டுக்கும் இதே மெசேஜ் போனா நல்லா இருக்காதுங்களே, அதுக்கு வேற எழுதறதுங்களா, இல்ல அனுப்பவே வேண்டாமுங்களா?' அப்பிடின்னு கேட்டுது. நீலச் சுடிதார் போட்டிருந்துது. நான் பாக்குத் தட்ட எடுக்கறாப்பல திரும்பிக்கிட்டேன்."

"ஏன் பதில் சொல்லல?"

"அது ரசத்து விவகாரமுங்க."

வாத்தியார் மிதுனைப் பார்த்தார், மிதுன் பிரணவைப் பார்த்தான். டீச்சரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நோட்டை முழுதும் படித்தவர் அங்கே அவர் ஒருத்தர்தான்.

"உங்களால ஒரு பொண்ணு பெயில் ஆகியிருக்கும்மா" என்றார் வாத்தியார். சொன்னது நியாயம்தான். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் சொன்னார். அவர் ஊர் பேர் விசாரித்துக்கொண்டுதான் வந்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

மார்க் தாள் வந்தது. காலையிலிருந்து உட்கார்ந்து போட்டேன்.

பிரணவுக்குப் பதினைந்து. வராதவனுக்கு இதற்கு மேல் போட முடியாது, அவ்வளவு நல்ல படம் போட்டவனைப் பெயிலாக்கவும் முடியாது.

மிதுனுக்குப் பன்னிரண்டு என்று எழுதினேன். அப்புறம் அவன் அம்மா யாரோ, எந்தப் பந்தியில் எதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாளோ, எனக்கென்ன என்று பதினாறாக்கினேன். நன்றாகப் பேசுகிறான். பேச்சுக்கு ஆறும் போட்டேன். முன்னால் நிற்பதற்கு ஒன்று.

சௌபர்ணிகாவுக்கு இருபத்தொன்பது.

டீச்சரம்மா போனில், "ஒண்ணு மட்டும் எதுக்குங்க குறைச்சீங்க?" என்றார்.

"அது எனக்கும் அவளுக்குமுங்க. வேணுமின்னா அவளே வந்து கேக்கட்டும்."

ஏப்ரல் 15, புதன்

பாஸ். மூன்று பேரும். பெங்களூர் ஆர்டர் நிலைத்துவிட்டது என்று டீச்சரம்மா நேற்றே சொன்னார். நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இனி எழுதுவது எனக்கு.

மத்தியானம் வந்தாள். மிட்டாய் டப்பாவைக்கூட இறக்கி வைக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு மார்க் எங்கீங்க ஆத்தா?"

"கேட்டயல்லொ ஒரு தரம்? நான் திரும்பிக்கிட்டதும் பேசாம போயிட்டே. மறுக்கா ஏன் கேக்கல? மேசையத் தட்டி, 'ஏனுங்க, காது கேக்குதா இல்லியா'ன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். பெங்களூர்ல எல்லாரும் உனக்குத் திரும்பி உக்காந்து பதில் சொல்லுவாங்கன்னா நெனைச்சே? அதுக்குத்தான் ஒண்ணு."

மிட்டாய் டப்பாவை மேசையில் வைத்தாள். "சரி, ஒத்துக்கறேன்" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "அப்ப உங்களுக்கு ஆருங்க மார்க் போடறது?"

"எனக்கெதுக்கு மார்க்?"

"கிளையண்டுக்கும் பரீட்சை உண்டுங்க. பேனாவக் குடுங்க."

நோட்டைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தில் அதே ஐந்து கட்டம் போட்டாள். நான் எட்டிப் பார்த்தேன், கையை வைத்து மறைத்துக்கொண்டாள். காது கொடுத்துக் கேட்பது, பூஜ்யம். பேசுவது, ஆறு. கூடி வேலை செய்வது, ஒன்று. "அது அந்த இட்லிக்குங்க" என்றாள். சொன்ன சொல் காப்பது, மூன்று. தப்பு வந்தால் முன்னால் நிற்பது, நான்கு.

"நாலு எப்பிடி? அத்தன பேருக்கு முன்னால நின்னனே!"

"லேட்டா நின்னீங்க."

கூட்டிப் பார்த்தேன். பதினான்கு.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடு அம்முணி. பாஸாயிக்கறேன்."

"எனக்குப் போட்டுக் குடுத்தீங்களா?" கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, நோட்டை என் பக்கம் தள்ளினாள். "அரியருங்க ஆத்தா. தீவாளிக்கு வாறேன், மறுபரீட்சை வெக்கறேன்."

அந்தக் குடும்பத்துக் கொழுப்பு எங்கே போகும்? காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றாள்.

தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அவள் கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு என்ன தலையெழுத்தா? ஒரு கேள்விக்குச் சொன்னால் போதும். பதினைந்து வந்துவிடும்.